இணைப்பை நகலெடுத்தோமா, கோப்பை நகலெடுத்தோமா?

(தொடக்கநிலை, உயர்நிலை, மேல்நிலை ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் கணினி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



குறுவள மையக் கூட்டங்களில் நாம் எல்லோரும் பார்த்திருக்கும் காட்சி ஒன்று உண்டு. ஓர் ஆசிரியை இரண்டு இரவு உட்கார்ந்து தயாரித்த பாடக் காட்சியைப் பென்டிரைவில் கொண்டு வருவார். கணினியில் செருகித் திறந்தால் பெயர் சரியாக இருக்கும். படத்தின் ஓரத்தில் ஒரு குட்டி அம்புக்குறியும் இருக்கும். சொடுக்கினால் திறக்காது. “நேத்து வீட்ல நல்லா திறந்துச்சே சார்” என்பார். வீட்டுக் கணினியின் முகப்புத் திரையில் இருந்த குறுக்குவழியை மட்டும் நகலெடுத்து வந்திருப்பார். பாடம் வீட்டிலேயே இருக்கும்.

நாம் சிரித்துவிட்டு அடுத்தவரை அழைத்துவிடுகிறோம். கணினிப் பாடம் நடத்தும் நானே இதே தவற்றை இன்னும் பெரிய அளவில் செய்தேன். அதைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

எங்கள் பள்ளியின் பக்கத்து வளாகத்தில் ஒரு தொடக்கப்பள்ளி இருக்கிறது. அங்குள்ள ஆசிரியை ஒருவர் ஒவ்வொரு பருவத்திலும் தம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒரு பத்தியை வாய்விட்டுப் படிப்பதைக் கைப்பேசியில் பதிவு செய்வார். முதல் வகுப்பில் எழுத்துக் கூட்டித் தடுமாறிய பிள்ளைக்கு, மூன்றாம் வகுப்பில் அந்தப் பழைய பதிவைப் போட்டுக் காட்டுவார். “இது நீதான், கேளு” என்பார். அந்தப் பிள்ளையின் முகத்தில் வரும் வெளிச்சத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன். மூன்றாண்டுப் பதிவுகள் சேர்ந்ததும் அவர் கைப்பேசியில் இடம் போதவில்லை. “உங்க லேப்ல பத்திரமா வச்சிருங்க சார்” என்று என்னிடம் கொடுத்தார்.

எங்கள் ஆய்வகக் கணினியில் இருப்பது லினக்ஸ். ‘குரல்கள்’ என்று ஒரு கோப்புறை தொடங்கி எல்லாவற்றையும் அதில் வைத்தேன். வெள்ளிக்கிழமைதோறும் மாலையில், ஆய்வகக் கணினியில் உள்ள கோப்புகளை அலுவலகக் கணினியுடன் ஒத்திசைப்பது என் வழக்கம். ஒத்திசைவு என்றால் ஓரிடத்தில் சேர்ந்தது, மாறியது, நீங்கியது அனைத்தும் மற்ற இடத்திலும் அப்படியே ஆவது. அதற்கு ஆர்சிங்க் என்ற நிரலைப் பயன்படுத்தினேன். கட்டளையை ஒரு கோப்பில் எழுதி வைத்திருந்தேன். திரையில் செய்திகள் ஓடுவது தொல்லையாக இருந்ததால் அவற்றை வராமல் செய்திருந்தேன்.

ஒரு கட்டத்தில் வட்டு நிரம்பிவிட்டது. இரண்டாவது வட்டு ஒன்றை மாட்டி, ‘குரல்கள்’ கோப்புறையை அங்கே மாற்றினேன். பழைய இடத்தில் அதே பெயரில் ஒரு குறியீட்டு இணைப்பை வைத்தேன். எல்லாம் முன்போலவே திறந்தன. வெள்ளிக்கிழமை ஒத்திசைவும் வழக்கம்போல் முடிந்தது.

கோடை விடுமுறை முடிந்து வந்தபோது இரண்டாவது வட்டு இயங்கவில்லை. நான் பதறவில்லை, அலுவலகக் கணினியில்தான் நகல் இருக்கிறதே. அங்கே போய்ப் பார்த்தேன். ‘குரல்கள்’ என்ற பெயர் இருந்தது, சிவப்பு நிறத்தில். உள்ளே எதுவும் இல்லை. அது கோப்புறையே அல்ல. வெறும் இணைப்பு.

இணைப்பு என்பது என்ன?

குறியீட்டு இணைப்பை ஆங்கில வழக்கில் சிம்லிங்க் என்பார்கள். 1983இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்திலிருந்து வெளிவந்த 4.2 பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் பதிப்பில் இது வந்தது. இன்று லினக்ஸிலும் மேக்கிலும் விண்டோஸிலும் இருக்கிறது.

நூலக அலமாரியில் ஒரு புத்தகம் இருக்க வேண்டிய இடத்தில், ‘இந்தப் புத்தகம் மூன்றாம் அலமாரியில் உள்ளது’ என்று ஒரு சீட்டு செருகியிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சீட்டுதான் இணைப்பு. அதற்குள் இருப்பது ஒரு முகவரி மட்டுமே. இணைப்பின் அளவு அந்த முகவரி எத்தனை பைட் நீளமோ அவ்வளவுதான். அது காட்டும் கோப்புறை எத்தனை ஜிபி இருந்தாலும், இணைப்பு ஐம்பது அறுபது பைட்டுக்குள் முடிந்துவிடும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நாம் இணைப்பைத் திறந்தால் இயக்க அமைப்பு நம்மைக் கேட்காமலே அசல் இடத்துக்கு அழைத்துச் சென்றுவிடும். அதனால் நம் கண்ணுக்கு இணைப்பும் கோப்புறையும் ஒன்றுபோலவே தெரியும். வேறுபாடு தெரிவது நகலெடுக்கும்போதுதான். சீட்டை நகலெடுப்பதா, புத்தகத்தை நகலெடுப்பதா என்று ஒத்திசைக்கும் நிரல் முடிவு செய்தாக வேண்டும். நாம் சொல்லாவிட்டால் அது தன் வழக்கப்படி செய்யும்.

என் கட்டளை என்ன செய்தது?

ஆர்சிங்க் 1996இல் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், பால் மக்கராஸ் ஆகியோர் வெளியிட்ட நிரல். ஒரு கோப்பில் மாறிய பகுதியை மட்டும் கண்டுபிடித்து அனுப்புவது அதன் சிறப்பு. அதற்குப் பல விருப்பக் குறிகள் உண்டு. ஓரெழுத்துக் குறிக்கு முன்னால் ஒரு சிறு கோடும், முழுச்சொல்லாக வரும் குறிக்கு முன்னால் இரு கோடுகளும் இடுவார்கள்.

நான் பயன்படுத்தியவை இரண்டு. ஒன்று சிறிய எழுத்து ‘ஏ’. கோப்புகளை அவற்றின் நாள், உரிமை முதலியவற்றுடன் நகலெடுக்கச் சொல்வது. இணைப்பை இணைப்பாகவே நகலெடு என்ற கட்டளையும் அதற்குள் அடக்கம். மற்றது ‘டெலீட்’. மூலத்தில் இல்லாததை மறுபக்கத்தில் அழிக்கச் சொல்வது.

இப்போது அந்த வெள்ளிக்கிழமை நடந்ததைப் பாருங்கள். அதற்கு முந்தைய வாரம்வரை அலுவலகக் கணினியில் ‘குரல்கள்’ உண்மையான கோப்புறையாக, எல்லாப் பதிவுகளுடனும் இருந்தது. இந்த வாரம் மூலத்தில் அதே பெயரில் இருப்பது ஓர் இணைப்பு. இணைப்பை வைக்க வேண்டுமானால் அங்கிருக்கும் கோப்புறையை அகற்ற வேண்டும். ‘டெலீட்’ இல்லாவிட்டால், உள்ளே கோப்புகள் இருக்கும் கோப்புறையை ஆர்சிங்க் அகற்றாது, பிழைச் செய்தி தந்துவிட்டு அதை அப்படியே விட்டுவிடும். நான் அழிக்க அனுமதி கொடுத்திருந்தேன். அது கோப்புறையை அழித்து, அந்த இடத்தில் சீட்டைச் செருகியது. நல்ல நகலை அழித்தது என் கட்டளைதான். வட்டு பழுதானது அதற்குப் பிறகுதான்.

நிரல் தவறு செய்யவில்லை. இணைப்பை இணைப்பாக நகலெடுப்பது பல இடங்களில் சரியான முடிவு. இன்றைய உபுண்டுவில் ‘பின்’ என்ற முதன்மைக் கோப்புறையே ‘யூஎஸ்ஆர்’ என்பதற்குள் இருக்கும் ‘பின்’ கோப்புறைக்கான இணைப்புதான். முழு அமைப்பையும் காப்புப் பிரதி எடுக்கும்போது இணைப்புகளையெல்லாம் பின்தொடர்ந்தால் ஒரே பொருள் பலமுறை நகலாகும். மீட்டெடுக்கும்போது பழைய அமைப்பும் திரும்ப வராது.

உள்ளேயா, வெளியேயா?

அப்படியானால் எப்போது சீட்டை எடுப்பது, எப்போது புத்தகத்தை எடுப்பது? இதற்கு ஒரு கேள்வி போதும். இணைப்பு காட்டும் பொருள், நாம் ஒத்திசைக்கும் கோப்புறைக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா?

உள்ளே இருந்தால் பொருளும் இணைப்போடு சேர்ந்து பயணிக்கும். எனவே இணைப்பை இணைப்பாகவே அனுப்பலாம். வெளியே இருந்தால் பொருள் போகாது, முகவரி மட்டும் போகும். மறுபக்கத்தில் அந்த முகவரியில் ஒன்றும் இல்லாவிட்டால் இணைப்பு உடைந்து நிற்கும். அதைவிட மோசமானது, அதே முகவரியில் அங்கே வேறொன்று இருப்பது. பிழைச் செய்தி வராது, தவறான கோப்பு திறக்கும். போன ஆண்டு மதிப்பெண் பட்டியலை இந்த ஆண்டுடையது என்று நம்பி எடுத்துக்கொள்ள நேரிடும்.

முகவரி எழுதுவதிலும் இரண்டு முறை உண்டு. கடிதத்தில் எழுதுவதுபோல் ஊர், தெரு, கதவு எண் என்று தொடக்கத்திலிருந்து எழுதுவது முழுப் பாதை. ‘இந்த அறைக்கு அடுத்த அறை’ என்று, இணைப்பு இருக்கும் இடத்திலிருந்து சொல்வது சார்புப் பாதை. என் கணினியில் பயனர் பெயர் ‘ஆய்வகம்’, அலுவலகக் கணினியில் ‘அலுவலகம்’ என்றால் முழுப் பாதை அங்கே பொருந்தாது. சார்புப் பாதையோ, மொத்தக் கோப்புறையும் இடம் மாறினாலும் செல்லும். பள்ளி புதுக் கட்டடத்துக்குப் போனாலும், அறைகளின் வரிசை மாறாதவரை ‘அடுத்த அறை’ அடுத்த அறைதானே! எனவே, உள்ளே இருக்கும் பொருள்களுக்கு இணைப்பு வைக்கும்போது சார்புப் பாதையிலேயே வையுங்கள்.

எல்லாவற்றையும் பின்தொடர்ந்தால்?

நடந்ததை அறிந்த நண்பர் ஒருவர், “பெரிய எழுத்து ‘எல்’ போட்டிருந்தால் பிரச்சினையே இல்லையே” என்றார். உண்மைதான். அந்தக் குறி எல்லா இணைப்புகளையும் பின்தொடர்ந்து அசலையே நகலெடுக்கும். வீட்டுக்குக் கொண்டுபோகும் ஒருமுறை நகலுக்கு அது நல்ல வழி. ஆனால் வாராவாரம் நடக்கும் ஒத்திசைவில் அதற்கும் விலை உண்டு.

ஒரே வினா வங்கிக்கு ஆறு, ஏழு, எட்டு ஆகிய மூன்று வகுப்புக் கோப்புறைகளிலும் இணைப்பு இருந்தால், மறுபக்கத்தில் மூன்று தனித்தனி வினா வங்கிகள் உருவாகும். ஒன்றில் செய்த திருத்தம் மற்ற இரண்டில் வராது. எது சரியான பிரதி என்று அடுத்த ஆண்டு யாருக்கும் தெரியாது. இணைப்பு ஒன்று தன் தாய்க் கோப்புறையையே காட்டினால் உள்ளுக்குள் உள்ளாக நகல் பெருகும். லினக்ஸ் ஒரு பாதையில் 40 இணைப்புகளுக்கு மேல் தொடராது என்பதால் ஒரு கட்டத்தில் நின்றுவிடும். அதற்குள் வட்டு நிரம்பிவிடலாம்.

திரும்பக் கொண்டுவரும்போது இன்னொரு சிக்கல். மறுபக்கத்தில் உண்மைக் கோப்புறை, நம்மிடம் இணைப்பு என்றால், ஆர்சிங்க் நம் இணைப்பை நீக்கிவிட்டு அங்கே உண்மைக் கோப்புறையை வைக்கும். இடமில்லை என்று எந்த வட்டிலிருந்து வெளியேற்றினோமோ, அதே வட்டில் எல்லாம் வந்து நிரம்பும். இதைத் தடுக்கப் பெரிய எழுத்து ‘கே’ என்ற குறி உண்டு. ‘இங்கிருக்கும் இணைப்பைக் கோப்புறையாகவே கருதி, அது காட்டும் இடத்திலேயே வை’ என்பது அதன் பொருள்.

எனக்குத் தேவையாக இருந்தது இரண்டுக்கும் நடுவழி. அதற்கென்றே ‘காப்பி அன்சேஃப் லிங்க்ஸ்’ என்ற குறி இருக்கிறது. உள்ளே காட்டும் சார்புப் பாதை இணைப்புகளை இணைப்பாகவே அனுப்பும். வெளியே காட்டுபவற்றுக்கு அசலை நகலெடுக்கும். முழுப் பாதையில் எழுதிய எந்த இணைப்பையும், அது உள்ளேயே காட்டினாலும், வெளியே காட்டுவதாகவே எடுத்துக்கொள்ளும். ‘சேஃப் லிங்க்ஸ்’ என்று பெயர் ஒத்த இன்னொரு குறி இருக்கிறது. குழப்பிக்கொள்ளாதீர்கள். அது வெளியே காட்டும் இணைப்புகளை அனுப்பாமல் விட்டுவிடும்.

பென்டிரைவும் விண்டோஸும்

நம்மில் பலர் விண்டோஸ் பயன்படுத்துகிறோம். அங்கே அம்புக்குறியுடன் வரும் குறுக்குவழி வேறு, குறியீட்டு இணைப்பு வேறு. குறுக்குவழி என்பது ஒரு சாதாரணக் கோப்பு. அதை எந்த நிரலும் கோப்பாகவே நகலெடுக்கும். குறியீட்டு இணைப்பு விண்டோஸ் விஸ்டாவிலிருந்து உண்டு. அதை உருவாக்க நிர்வாகி உரிமை வேண்டும், அல்லது விண்டோஸ் 10 முதல் உள்ள டெவலப்பர் மோடை இயக்கியிருக்க வேண்டும்.

நம் பென்டிரைவுகள் பெரும்பாலும் எஃப்ஏடி32 அல்லது எக்ஸ்ஃபேட் முறையில் அமைந்தவை. இவற்றில் குறியீட்டு இணைப்பை வைக்கவே முடியாது. லினக்ஸிலிருந்து இணைப்பாகவே நகலெடுக்க முயன்றால் பிழை வரும். இணைப்புகள் அப்படியே போக வேண்டுமென்றால் ‘டார்’ கோப்பாகக் கட்டி அனுப்புங்கள், அது இணைப்பை இணைப்பாகவே வைத்துக்கொள்ளும். லினக்ஸில் கட்டளை வழியே ‘ஜிப்’ செய்தால் இதற்கு நேர்மாறு. நாம் சொல்லாவிட்டால் அது இணைப்பைப் பின்தொடர்ந்து அசலை உள்ளே வைக்கும்.

ஒவ்வொரு நிரலுக்கும் தனி வழக்கம் உண்டு. சிங்க்திங் இணைப்பை இணைப்பாக அனுப்பும், ஒருபோதும் பின்தொடராது, விண்டோஸில் இணைப்பை ஒத்திசைக்கவும் செய்யாது. யூனிசன் நாம் ‘ஃபாலோ’ என்று குறிப்பிட்டுச் சொன்ன பாதைகளில் மட்டும் பின்தொடரும். புதிய நிரல் எதைப் பயன்படுத்தத் தொடங்கினாலும், இணைப்பை அது என்ன செய்யும் என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இப்போது நான் செய்வது

ஒன்று, ஒத்திசைப்பதற்கு முன் இணைப்புகளைத் தேடிப் பட்டியல் எடுக்கிறேன். லினக்ஸில் ‘ஃபைண்ட்’ கட்டளையில் வகை ‘எல்’ என்று கேட்டால் எல்லா இணைப்புகளும் வந்துவிடும். ‘எக்ஸ்டைப்’ என்று கேட்டால் உடைந்தவை மட்டும் வரும்.

இரண்டு, ஒவ்வொன்றுக்கும் ‘உள்ளேயா, வெளியேயா’ என்று கேட்டு முடிவு செய்கிறேன்.

மூன்று, அமைப்பில் ஏதாவது மாற்றம் செய்த வாரத்தில் முதலில் சிறிய எழுத்து ‘என்’ போட்டு ஒத்திகை பார்க்கிறேன். அதோடு சிறிய ‘வி’ எழுத்தையும் சேர்த்தால், எதையும் மாற்றாமல், எதை நகலெடுக்கும், எதை அழிக்கும் என்று பட்டியல் தரும். அன்று நான் இதைச் செய்திருந்தால் ‘அழிக்கப்படும்’ என்ற வரிசையில் பிள்ளைகளின் பதிவுகள் ஒவ்வொன்றின் பெயரையும் பார்த்திருப்பேன்.

நான்கு, ‘டெலீட்’ குறியைத் தனியே விடுவதில்லை. ‘பேக்கப்’, ‘பேக்கப் டிர்’ என்ற குறிகளைச் சேர்த்து, அழிக்கப்படுபவை வேறொரு கோப்புறைக்குப் போகுமாறு செய்திருக்கிறேன்.

ஐந்து, மாதம் ஒருமுறை மறுபக்கக் கணினியில் உட்கார்ந்து, ஏதாவது மூன்று கோப்புகளைத் திறந்து பார்க்கிறேன். பெயரைப் பார்ப்பதோடு நிற்பதில்லை, பதிவென்றால் ஒலிக்கவிட்டுக் கேட்கிறேன். முதல் நான்கையும் மறந்தவரைக்கூட இந்த ஐந்தாவது காப்பாற்றிவிடும்.

வகுப்பறைக்கு

இதைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கக் கணினியே வேண்டாம். ஆறாம் வகுப்பில் நான் செய்த செயல்பாடு இது. இரண்டு மேசைகளை இரண்டு கணினிகள் என்று வைத்துக்கொண்டோம். முதல் மேசையில் இரண்டு நோட்டுகளும் இரண்டு சீட்டுகளும். ஒரு சீட்டில் ‘இந்த மேசையில் உள்ள நீல நோட்டு’, இன்னொன்றில் ‘சாளரத்தின் மேல் உள்ள சிவப்பு நோட்டு’. ஒரு மாணவி முதல் மேசையில் இருப்பதையெல்லாம் பார்த்து இரண்டாம் மேசைக்கு ஒரு பிரதி தயாரித்தாள். பிறகு மேசையைப் பக்கத்து வகுப்பறைக்குத் தூக்கிப் போகச் சொன்னேன். முதல் சீட்டு வேலை செய்தது. இரண்டாவதைப் படித்துவிட்டு ஒரு பையன் அந்த வகுப்பின் சாளரத்தைப் பார்த்தான். அங்கே யாரோ வைத்த வேறொரு சிவப்பு நோட்டு இருந்தது. எடுத்துவந்து “கிடைச்சிருச்சு சார்!” என்றான். தவறான கோப்பு திறப்பது என்றால் என்ன என்று அன்று நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அந்தத் தொடக்கப்பள்ளி ஆசிரியையிடம் விஷயத்தைச் சொல்லப் போன நாள் மறக்கவில்லை. சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “சரி சார், இந்த வருஷத்துல இருந்து திரும்ப ஆரம்பிப்போம்” என்றார். அவர் முன்பு பெற்றோருக்கு அனுப்பியிருந்த சில பதிவுகளை அவர்கள் கைப்பேசிகளிலிருந்து கேட்டு வாங்கிச் சேர்த்தோம். கொஞ்சம்தான் கிடைத்தது. ஐந்தாம் வகுப்புக்குப் போய்விட்ட பல பிள்ளைகளுக்கு, அவர்களுடைய முதல் வகுப்புக் குரலைக் கேட்கும் வாய்ப்பு இனி இல்லை.

நம்மை நம்பி ஒருவர் எதையாவது கொடுத்து வைத்தால், அது இருக்கும் இடத்தின் பெயர் நம்மிடம் இருப்பது போதாது. பொருளே இருக்க வேண்டும். இன்று பள்ளிக்குத் திரும்பியதும் உங்கள் காப்புப் பிரதியில் ஏதேனும் ஒரு கோப்பைத் திறந்து பாருங்கள். அது திறந்தால் மகிழ்ச்சி. திறக்காவிட்டால், அசல் இன்னும் நல்லபடியாக இருக்கும்போதே தெரிந்துகொண்டீர்கள் என்று இன்னும் மகிழ்ச்சி கொள்ளுங்கள்.